பின்வளவில் அபூர்வ ஐரிஸ்: வளர்க்கவும் கலக்கவும் 26 குறிப்புகள்

குளிர்காலம் முழுக்கப் பனிக்கு அடியில் கிடந்துவிட்டு, யூன் பிறந்ததும் இடுப்பளவுக்கு எழுந்து நின்று பூக்கிற செடி ஐரிஸ். மல்லிகையையும் கறிவேப்பிலையையும் நிலவறைக்குள் விளக்குப் போட்டுக் காப்பாற்றப் பாடுபடுகிற நம்மவர்கள் இதன் பக்கம் அதிகம் திரும்புவதில்லை. அபூர்வமான ரகம் வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்கலாம். அதைவிடச் சுவையான வழி, இரண்டு நல்ல செடிகளைக் கலந்து உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒன்றை நீங்களே உண்டாக்குவது. கலப்பதற்கு ஒரு சாவணமும் ஒரு கொப்பியும் போதும். முளைத்துப் பூத்தவற்றில் எதை வைப்பது, எதைப் பிடுங்கி வீசுவது என்று தீர்மானிப்பதுதான் கஷ்டம்.

இங்கே சொல்லும் மாதங்கள் ரொறொன்ரோவைச் சுற்றியுள்ள காலநிலைக்கு உரியவை. இங்கிலாந்திலும் நோர்வேயிலும் இருப்பவர்கள் தங்கள் ஊர்ப் பருவத்துக்கு ஏற்ப முன்பின்னாக மாற்றிக்கொள்ளலாம்.

1. வாங்குவதற்கு முன் பாருங்கள். ஹமில்ரனுக்கும் பேர்லிங்ரனுக்கும் இடையில் உள்ள றோயல் பொட்டானிக்கல் கார்டன்ஸில் லேக்கிங் கார்டன் என்றொரு பகுதி இருக்கிறது. அங்கே பெரிய ஐரிஸ் தொகுப்பு உண்டு. யூன் முதல் இரண்டு கிழமைகளில் போனால் உயரமான தாடி ஐரிஸ்கள் பூத்திருக்கும். பிடித்த பூவைப் படம் எடுக்கும்போது பெயர்ப்பலகையையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் மயங்கி வாங்குவதற்கும் பூவை நேரில் பார்த்து வாங்குவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

2. ஐரிஸில் ஏறத்தாழ 300 இனங்கள் உண்டு. எல்லாவற்றையும் ஒரே பாத்தியில் வைக்க முடியாது. தொங்கும் இதழின் நடுவே மயிர்க்கற்றை இருப்பது தாடி ஐரிஸ்; அதற்கு வெயிலும் வடிகாலும் வேண்டும். தாடி இல்லாத சைபீரியன், ஜப்பானிய வகைகளுக்கு ஈரம் பிடிக்கும். முதன்முதலாகக் கலப்புச் செய்பவர்கள் தாடி ஐரிஸில் தொடங்குவதே நல்லது. பூ பெரிது, உறுப்புகள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும், விதையும் நிறையக் கிடைக்கும்.

3. தாடி ஐரிஸின் கிழங்கைப் பார்த்தால் இஞ்சி போலத்தான் இருக்கும். ஆனால் இஞ்சியைப் புதைப்பது போல இதைப் புதைக்கக் கூடாது. கிழங்கின் முதுகு வெயிலில் தெரிய வேண்டும். வேர்கள் மட்டும் இரண்டு பக்கமும் மண்ணுக்குள் இறங்க வேண்டும். பூக்கவில்லை என்று வரும் முறைப்பாடுகளில் பெரும்பாலானவை ஆழமாக நட்டதாலோ நிழலில் நட்டதாலோ வந்தவை. நாளுக்கு 6 மணி நேரமாவது நேர் வெயில் விழும் இடமாகப் பாருங்கள். ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்துக் களிமண்ணில் தண்ணீர் தேங்கும். அங்கே ஒரு சாண் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டி நடுவது புத்திசாலித்தனம். டிரைவ்வே ஓரத்தில் நடவேண்டாம். குளிர்காலத்தில் கொட்டும் உப்பு முழுவதும் அங்கேதான் வந்து சேரும்.

4. நடும் காலம் யூலைக் கடைசியிலிருந்து செப்டெம்பர் நடுப்பகுதி வரை. நிலம் உறைவதற்கு முன் வேர் பிடிக்க 6 கிழமையாவது வேண்டும். இலையை 15 செ.மீ. அளவுக்கு விசிறிபோல் நறுக்கிவிட்டு, ஒன்றுக்கொன்று 30 முதல் 45 செ.மீ. இடைவெளி விட்டு நடுங்கள். முதல் குளிர்காலத்தில் மண் உறைந்து இளகும்போது புதுக்கிழங்கை மேலே தள்ளிவிடும். மேலே ஒரு செங்கல் துண்டை வைத்தால் அசையாது. ஏப்ரலில் எடுத்துவிடுங்கள்.

5. ஒருமுறை பூத்த கிழங்கு மறுபடி பூக்காது. அதன் பக்கங்களில் வெடிக்கும் குட்டிகள்தான் அடுத்த வருடம் பூக்கும். அதனால்தான் 3, 4 வருடத்துக்கு ஒருமுறை கொத்தைக் கிளறி, நடுவிலே கிடக்கும் கிழட்டுக் கிழங்கை எறிந்துவிட்டுக் குட்டிகளைப் பிரித்து நடவேண்டும்.

6. தழைச்சத்து கூடிய உரம் வேண்டாம். புல்லுக்குப் போடும் உரம் ஐரிஸ் பாத்தியில் சிதறினால் இலை கொழுக்கும், கிழங்கு அழுகும், பூ வராது.

7. பெயர்ச்சீட்டுக்குக் காசு செலவழிக்காதீர்கள். பழைய பிளாஸ்ரிக் யன்னல் மறைப்பின் பட்டிகளைக் கத்தரியால் வெட்டினால் ஒரு யன்னலுக்கே நூற்றுக்கணக்கில் சீட்டு கிடைக்கும். எழுதுவது பென்சிலால் இருக்கட்டும். அழியாத மை என்று விற்கும் பேனா வெயிலில் ஒரே கோடையில் மங்கிவிடும். பென்சில் எழுத்து வருடக்கணக்கில் நிற்கும். ஒரு சீட்டை மண்ணுக்கு மேலும் அதே பெயரில் இன்னொன்றைக் கிழங்குக்கு அடியிலும் வையுங்கள். மேலே உள்ளதை அணிலோ பேரப்பிள்ளையோ பிடுங்கினாலும் கீழே உள்ளது இருக்கும். பெயர் தொலைந்த செடி அழகுக்கு உதவும். கலப்புக்கு உதவாது.

8. புதிதாக வெளிவந்த ரகம் ஒரு கிழங்கு 50 டொலருக்கு மேல் போகும். நாலைந்து வருடம் பொறுத்தால் அதே ரகம் பத்துப் பதினைந்து டொலருக்கு வந்துவிடும். கோடையில் ஐரிஸ் சங்கங்கள் நடத்தும் கிழங்கு விற்பனையில் இன்னும் மலிவு. வளர்த்தவரிடமே நேரில் விசாரித்தும் வாங்கலாம். இணையத்தில் 'வானவில் ஐரிஸ் விதை', 'கறுப்பு ஐரிஸ் விதை' என்று பத்து விதை இரண்டு டொலருக்கு விற்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள். கலப்பின ஐரிஸ் விதையிலிருந்து தாயைப் போலவே வராது. அந்தப் படங்களில் பாதி கணினியில் நிறம் ஏற்றியவை. நன்றாய் இருக்கிறது என்று கேள்விப்பட்ட ரகம் வேண்டுமென்றால் கிழங்காகவே வாங்க வேண்டும்.

9. ஒன்ராறியோவின் புரூஸ் தீபகற்பத்திலும் மனிற்றூலின் தீவிலும் சுண்ணாம்புக் கரையோரங்களில் ஐரிஸ் லக்கஸ்ட்ரிஸ் என்ற குள்ள ஐரிஸ் இருக்கிறது. விரல் உயரத்தில் ஊதாப் பூப் பூக்கும். உலகத்திலேயே பேரேரிகளின் கரையைத் தவிர வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை. அந்தப் பக்கம் போகிறவர்கள் பார்த்துப் படம் எடுத்துவிட்டு வாருங்கள். தோண்டிக்கொண்டு வராதீர்கள், அது அரிய இனம். அதுபோல அமெரிக்காவிலிருந்து காரில் வரும்போது தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் கிழங்கு எடுத்துவரவும் கூடாது.

10. எங்கள் பக்கத்தில் ஐரிஸின் முதல் எதிரி கிழங்கு துளைப்பான் புழு. தாய் அந்துப்பூச்சி இலையுதிர்காலத்தில் காய்ந்த இலையில் முட்டையிடும். முட்டை அங்கேயே குளிரைக் கழித்துவிட்டு ஏப்ரல், மே மாதத்தில் பொரிக்கும். தலைமயிர் தடிப்பில் இருக்கும் குட்டிப் புழு இளம் இலையைத் துளைத்து உள்ளே போய், இலையின் இரண்டு தோலுக்கும் இடையில் கீழ்நோக்கித் தின்றுகொண்டே இறங்கும். மே மாதக் கடைசியில் காலை வெயில் செடிக்குப் பின்னால் நிற்கும்போது போய்ப் பாருங்கள். இலை ஓரத்தில் அரத்தால் அராவியது போன்ற வெட்டும், அதிலிருந்து கீழே போகும் ஈரக் கோடும் தெரிந்தால், கோட்டின் கீழ் நுனியில் புழு இருக்கிறது. பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் அந்த இடத்தை அழுத்தி இழுத்துவிடுங்கள், கதை முடிந்தது. விட்டால் யூலையில் அதே புழு இளஞ்சிவப்பு உடம்பும் மண்ணிறத் தலையுமாய், சின்னவிரல் நீளத்துக்குக் கிழங்குக்குள் கிடக்கும். கிழங்கின் தோல் மட்டும் மிஞ்சியிருக்கும். மருந்தைவிடப் பெரிய வைத்தியம் ஒன்று உண்டு: நவம்பரில் நல்ல உறைபனி விழுந்த பிறகு காய்ந்த இலை முழுவதையும் கூட்டி அள்ளி, உரக்குழியில் போடாமல் குப்பைப் பைக்குள் கட்டி அனுப்பிவிடுங்கள். முட்டை அதோடு போய்விடும்.

11. இலை அடியில் தளர்ந்து, இழுத்தால் கையோடு வந்து, மூக்கைப் பிடிக்கவைக்கும் நாற்றம் அடித்தால் அது மென்னழுகல் நோய். பக்டீரியா வேலை, பெரும்பாலும் புழு துளைத்த ஓட்டை வழியாகத்தான் நுழைகிறது. செடியைக் கிளப்பி வீசவேண்டாம். பழைய தேக்கரண்டியால் கூழான பகுதியைச் சுரண்டி எடுங்கள். வெள்ளையாய் உறுதியாய் இருக்கும் சதை தெரிந்ததும் நிறுத்துங்கள். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் விட்டு அந்த இடத்தில் ஊற்றலாம், அல்லது பாத்திரம் தேய்க்கும் குளோரின் தூளைத் தூவலாம். மண்ணால் மூடாமல் இரண்டு நாள் வெயிலில் விடுங்கள். கத்தியையும் கரண்டியையும் ஒவ்வொரு செடிக்கும் பிறகு அதே பிளீச் தண்ணீரில் முக்கி எடுங்கள்.

12. கிழங்கின் சாறு சிலருக்குத் தோலில் எரிச்சல் தரும்; நாய், பூனை கடித்தால் வாந்தி எடுக்கும். கையுறை போடுங்கள்.

13. ஜப்பானிய ஐரிஸுக்குச் சுண்ணாம்பு ஆகாது. ரொறொன்ரோ மண்ணிலும் குழாய்த் தண்ணீரிலும் சுண்ணாம்பு உண்டு என்பதால் இலை வெளிறி மஞ்சளாகும். பெரிய சாடியில் பீட் கலந்த மண்ணில் வைத்து, மழைத்தண்ணீர் சேர்த்து ஊற்றுவது சுலபம். சைபீரியன் ஐரிஸுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. நட்டுவிட்டு மறந்துபோகக்கூடிய செடி அது. இன்னொன்று: குளத்தோரம் வடிவாய் இருக்கும் மஞ்சள் கொடி ஐரிஸை, அதாவது ஐரிஸ் சூடக்கோரஸை, வாங்கவேண்டாம். ஐரோப்பாவிலிருந்து வந்து வட அமெரிக்க நீர்நிலைகளை ஆக்கிரமித்திருக்கும் செடி அது. அதற்குப் பதிலாக இந்த மண்ணுக்கே உரிய ஐரிஸ் வெர்சிகலரை வையுங்கள். 1999இல் கியூபெக் மாகாணம் தன் அதிகாரபூர்வப் பூவாகத் தேர்ந்தது அதைத்தான்.

14. அபூர்வம் என்றால் ஒன்கோசைக்ளஸ். இஸ்ரேல், ஜோர்தான், லெபனான், சிரியா, துருக்கி, கவ்காசஸ் பகுதிகளின் வறண்ட மலைச்சரிவுகளில் வளரும் கூட்டம் இது. ஜோர்தானின் தேசியப் பூவான கறுப்பு ஐரிஸ் இதில் ஒன்று. ஒற்றைத் தண்டில் ஒற்றைப் பூ; தொங்கும் இதழில் கருநிறப் பொட்டு; சில இனங்களில் இதழ் முழுக்க ஊதாக் கறுப்பு நரம்புகள். இவற்றில் தேன் இல்லை. ஆண் தேனீக்கள் சாயங்காலம் பூவின் இருட்டுக் குகைக்குள் புகுந்து இரவு அங்கேயே தங்கி, காலையில் வேறு பூவுக்குப் போகும்போது மகரந்தத்தையும் கொண்டுபோகின்றன. ஒரு இரவு வாடகைக்கு ஒரு மகரந்தச் சேர்க்கை. கேட்க ஆசையாய் இருக்கும். ஆனால் கோடை மழை பெய்யும் ஊரில் திறந்த பாத்தியில் இது ஒரு வருடம் தாங்காது. இலை காய்ந்ததும் கிழங்கைத் தோண்டி மணலுக்குள் உலர வைத்து, ஒக்டோபரில் மறுபடி சாடியில் நடவேண்டும். அவ்வளவு மினக்கெட நேரமில்லாதவர்கள் தாடி ஐரிஸோடு இதைக் கலந்து உண்டாக்கிய அரில்பிரட் ரகங்களை வாங்குங்கள். பொட்டும் நரம்பும் ஓரளவு வரும், ஒன்ராறியோ மழையையும் தாங்கும். என்னைக் கேட்டால் பின்வளவுக்கு அதுவே போதும்.

15. நிறத்தைப் பார்த்து ஜோடி சேர்ப்பதற்கு முன் குரோமோசோம் பாருங்கள். நிறமூர்த்தம் என்று யாழ்ப்பாணத்தில் படித்தோமே, அதுதான். பழைய ஐரோப்பியத் தோட்டத்து ஐரிஸ்களுக்கு 24. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் சேர் மைக்கேல் ஃபொஸ்ரர் துருக்கியின் அமாசியா போன்ற இடங்களிலிருந்து தருவித்த பெரிய பூச் செடிகளுக்கு 48. இன்றைய உயரமான தாடி ஐரிஸ் எல்லாமே அந்த 48 வழி. ஐரிஸ் பூமிலா என்ற குள்ளனுக்கு 32. பெற்றோர் ஒவ்வொருவரும் பாதி கொடுப்பார்கள். ஆகவே உயரத்தையும் பூமிலாவையும் கலந்தால் 24ம் 16ம் சேர்ந்து 40. 1940களில் இந்தியானாவின் போல் குக்கும் டென்னசியின் கெடஸ் டக்ளஸும் செய்தது இதைத்தான். இன்று கடைகளில் விற்கும் 20 முதல் 40 செ.மீ. உயரக் குள்ள ஐரிஸ்கள் அந்தக் குடும்பம். அவை நன்றாக விதை கட்டும். ஆனால் 48ஐயும் 40ஐயும் கலந்தால் 44. அந்த நடுத்தர உயரப் பிள்ளை செழிப்பாய் வளரும், கொத்துக் கொத்தாய்ப் பூக்கும், பெரும்பாலும் விதை கட்டாது. தோட்டத்துக்கு அருமையான செடி. கலப்புக்கு அதோடு வழி முடிந்தது. தாடி ஐரிஸையும் சைபீரியனையும் கலந்து பார்க்கலாமே என்று தோன்றும். மினக்கெடாதீர்கள்.

16. இனிக் கலக்கும் முறை. பூவில் நிமிர்ந்து நிற்கும் இதழ் மூன்று, தொங்கும் இதழ் மூன்று. ஒவ்வொரு தொங்கும் இதழின் அடிக்கும் மேலே கூரைபோட்டாற்போல் ஒரு கை நீண்டிருக்கும். அது தம்பத்தின் கிளை. அதன் கீழ் ஒட்டினாற்போல் ஒரு மகரந்தக்கூடு. கையின் நுனிக்குச் சற்று உள்ளே, அடிப்பக்கத்தில், மெல்லிய ஓர் உதடு மடிந்து கிடக்கும். மகரந்தத்தை ஏற்பது அந்த உதட்டின் மேற்புறம். பூ விரிந்த முதல் நாளோ இரண்டாம் நாளோ, பனி உலர்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன் செய்யுங்கள். தந்தைப் பூவின் மகரந்தக்கூட்டைச் சாவணத்தால் அடியில் பிடித்துப் பறியுங்கள். அது வெடித்து வெள்ளைத் தூள் தெரிய வேண்டும். தாய்ப் பூவில் அதன் சொந்த மகரந்தக்கூடுகள் மூன்றையும் முதலில் எடுத்துவிடுங்கள். பிறகு தூளை உதட்டின் மேல் இழுத்துத் தடவுங்கள். ஒன்று போதும் என்றாலும் மூன்று உதட்டிலும் தடவினால் விதை கூடும். கடைசியாகத் தொங்கும் இதழ் மூன்றையும் கிள்ளி எறியுங்கள். வண்டுக்கு இறங்க இடமிருக்காது. பூ அலங்கோலமாய் நிற்கும், பரவாயில்லை. ஒரு கிழமை, பத்து நாளில் பூவின் கீழே பச்சைக் காய் புடைத்தால் பிடித்திருக்கிறது. பிடிக்காவிட்டால் காம்போடு வாடி உதிரும். நிறையப் பிடிக்காது, அதனால் ஒரே ஜோடியைப் பல பூக்களில் செய்யுங்கள்.

17. மழை நாளில் மகரந்தம் நனைந்து கெட்டுவிடும். மறுநாள் விரியப்போகும் மொட்டை முதல் நாள் மாலையே தண்டோடு வெட்டி, குசினி யன்னலோரம் தண்ணீரில் வையுங்கள். வீட்டுக்குள்ளேயே விரிந்து மகரந்தம் தரும்.

18. குள்ள ஐரிஸ் மே நடுவில் பூத்து முடிந்துவிடும், உயரமானது யூனில்தான் பூக்கும். இரண்டையும் சந்திக்க வைக்க மகரந்தத்தைச் சேமிக்க வேண்டும். கிழமை நாட்கள் எழுதிய மாத்திரைப் பெட்டி இதற்குத் தோது: அறைக்கு ஒரு ரகம். மகரந்தக்கூட்டை ஒரு நாள் நிழலில் உலரவிட்டு அறைக்குள் போட்டு, சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சிலிக்கா பொட்டலம் ஒன்றோடு பெரிய போத்தலுக்குள் மூடி, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். சில கிழமைக்குப் பழுதில்லை. வீட்டில் மாத்திரை எடுப்பவர்கள் இருந்தால் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்ட மறக்கவேண்டாம்.

19. கலந்த உடனே, எழுந்து போவதற்கு முன், காம்பில் சீட்டுக் கட்டுங்கள். தாய் முதலில், பெருக்கல் குறி, தந்தை பிறகு, கீழே திகதி. உலகமெங்கும் வழக்கம் இதுதான். அதையே கொப்பியில் எழுதி அந்த வருடத்தோடு ஓர் எண் கொடுங்கள். முளைக்கும் நாற்றெல்லாம் அந்த எண்ணைக் கொண்டே அறியப்படும். நினைவில் இருக்கும் என்று விட்டால் ஓகஸ்ட்டில் காய் பழுக்கும்போது நிச்சயம் நினைவில் இராது.

20. இளஞ்சிவப்பு ஐரிஸ் எல்லோருக்கும் ஆசை. அந்த நிறம் லைக்கோப்பீன். தக்காளிக்குச் சிவப்பைத் தருவதும் அதுதான். அதற்குக் காரணமான மரபணு பின்னடைவானது. 48 குரோமோசோம் செடியில் அந்த மரபணு நான்கு பிரதியும் ஒரே மாதிரி இருந்தால்தான் நிறம் வெளியே வரும். இளஞ்சிவப்பையும் இளஞ்சிவப்பையும் கலந்தால் பிள்ளைகளும் பெரும்பாலும் அந்த நிறமே. சுத்த நீலத்தோடு கலந்தால் முதல் தலைமுறையில் ஒன்றுகூட இளஞ்சிவப்பாய் வராது. அந்தப் பிள்ளைகளைத் தமக்குள் கலந்தால் 36இல் ஒன்று வரும். சாதாரண 24 குரோமோசோம் செடியாக இருந்தால் நாலில் ஒன்று வந்திருக்கும். இடம் குறைந்த வளவுக்காரர் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் ஜோடி தேர வேண்டும். முதல் தலைமுறையில் நிறம் வரவில்லை என்று பிடுங்கி எறிந்தால் பேரப்பிள்ளையைப் பார்க்க முடியாது.

21. தீயணைப்பு வண்டி நிறத்தில் ஐரிஸ் கிடையாது. செவ்வானமும் செம்பரத்தையும் கலந்தாற்போல் படம் போட்டிருந்தால் நம்பாதீர்கள். சிவப்பு என்று விற்கும் தாடி ஐரிஸ் எல்லாம் கபிலம் கலந்த செம்மண் நிறமே.

22. காய் முற்ற 8 முதல் 10 கிழமை. நுனி கபிலமாகி மூன்று கோடாய் வெடிக்கத் தொடங்கும்போது பறிக்க வேண்டும். ஒரு நாள் தவறினால் விதை நிலத்தில் கொட்டிவிடும். சாமத்திய வீட்டிலும் கலியாண வீட்டிலும் இனிப்புப் போட்டுத் தரும் மெல்லிய வலைப்பைகளை எறியாமல் சேர்த்து வையுங்கள். ஓகஸ்ட் தொடக்கத்தில் காய்க்கு மேல் மாட்டி நாடாவை இழுத்துக் கட்டிவிட்டால் கவலையில்லை. காற்றுப் போகும், பூஞ்சணம் பிடிக்காது, ஒரு விதைகூடத் தவறாது. நல்ல காயில் 30 முதல் 60 விதை இருக்கும்.

23. ஐரிஸ் விதைக்குக் குளிர் படாமல் முளைப்பு வராது. ஒக்டோபரில் சாடியில் ஒரு செ.மீ. ஆழத்தில் விதைத்து வெளியே வைத்துவிட்டால் பனி அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஏப்ரல் கடைசியில் புல் முனைபோல் எட்டிப் பார்க்கும். சாடிக்கு மேல் கம்பி வலை போடாவிட்டால் நீங்கள் விதைத்த அன்றே அணில் கிளறும். உள்ளே வைத்துச் செய்வதானால், விதையை ஒரு கிழமை, இரண்டு கிழமை தண்ணீரில் ஊறவிட்டுத் தினமும் தண்ணீர் மாற்றுங்கள். முளைப்பைத் தடுக்கும் சாரம் கரைந்து போகும். பிறகு ஈரப் பேர்லைட்டோடு பிளாஸ்ரிக் பையில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் 12 கிழமை வைத்து வெளியே எடுங்கள். முதல் வருடம் முளைக்காத விதையைக் கொட்டிவிடாதீர்கள். இரண்டாம் மூன்றாம் வருடத்திலும் சில முளைக்கும். நாற்று ஒரு விரல் நீளம் வந்ததும் பாத்தியில் வரிசையாய் நடுங்கள். கலந்த வருடத்திலிருந்து இரண்டு அல்லது மூன்று வருடத்தில் முதல் பூ.

24. முதல் பூவைப் பார்த்ததும் பெயர் வைக்கத் துடிக்கும் மனதைக் கட்டிவையுங்கள். உங்கள் கையால் பிறந்த பூ எல்லாமே உங்களுக்கு அழகாய்த்தான் தெரியும். முதல் வருடப் பூவில் எதையும் முடிவாய்ச் சொல்ல முடியாது. இரண்டாம் வருடமும் பாருங்கள். மழையும் காற்றும் அடித்த மறுநாள் காலையில் கொப்பியோடு போங்கள்: தண்டு சாய்ந்ததா, இதழ் கிழிந்ததா, கிளைகள் விலகி நிற்கின்றனவா, மொட்டு ஏழுக்குக் குறையாமல் இருக்கிறதா, அடியில் குட்டிகள் வெடித்திருக்கின்றனவா, இலை புள்ளி விழாமல் இருக்கிறதா. அதன்பிறகுதான் நிறம். ஏற்கெனவே விற்பனையில் உள்ள ஏதோ ஒன்றைப் போல் இருந்தால் எவ்வளவு அழகானாலும் வைத்திருப்பதில் பொருள் இல்லை. இங்கிலாந்தின் சஃபொக் பகுதியில் வாழ்ந்த ஓவியர் சேர் செட்ரிக் மொரிஸ் ஆண்டுக்கு ஆயிரம் நாற்று வரை வளர்த்தவர். வாழ்நாளில் பெயர் வைத்தவை ஏறத்தாழ 90தான். பெரும்பாலானவை 'பென்ரன்' என்று தொடங்கும் பெயர்கள். மங்கிய, புகையோடிய நிறங்களில் அவர் தேர்ந்த அந்த ஐரிஸ்களைத் தோட்டக்காரர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள். அவர் வீசியவை எத்தனை என்பதை யோசித்துப் பாருங்கள். வீச மனம் வராதவர்கள் அயலவருக்குக் கொடுக்கலாம். பெயர் மட்டும் வைக்காமல் கொடுங்கள்.

25. இதெல்லாம் ஓய்வு பெற்ற வயதில் எதற்கு என்று யாராவது கேட்டால், கரியர் மக்யுவனைச் சொல்லுங்கள். நியூயோர்க் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் தலைவராக இருந்த டொக்டர். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் ஐரிஸ் கலப்பில் இறங்கினார். சைபீரியன் ஐரிஸின் குரோமோசோமைக் கொல்ச்சிசீன் மருந்தால் இரட்டிப்பாக்கி முன்னோடியானார். 1977இல் அவர் வெளியிட்ட மஞ்சளும் வெள்ளையுமான 'பட்டர் அன்ட் சுகர்' இன்றும் கடைகளில் கிடைக்கிறது. 1902இல் பிறந்து 2003இல் காலமானார். கொல்ச்சிசீன் நஞ்சு, வீட்டில் அதைத் தொடாதீர்கள். அவருடைய பொறுமையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்று: ஊரிலுள்ள அக்காவோ மச்சாளோ ஐரிஸ் கிழங்கு அனுப்பச் சொல்லிக் கேட்டால், தாடி ஐரிஸ் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் பிழைக்காது என்று சொல்லிவிடுங்கள். குளிர் உறக்கம் இல்லாமல் அது பூக்காது. சூட்டைத் தாங்கும் உறவினர் ஒருவர் உண்டு: பெலம்கண்டா என்று நாற்றுப்பண்ணைகளில் சொல்லும் செம்மஞ்சள் புள்ளிப் பூ. 2005இல் தாவரவியலாளர்கள் அதை ஐரிஸ் டொமெஸ்ரிக்கா என்று பெயர் மாற்றி ஐரிஸ் பேரினத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். அதை அங்கேயே தேடி வாங்கலாம்.

26. எல்லாச் சோதனையிலும் தேறிய செடி ஒன்று கையில் இருந்தால் பதிந்துவிடுங்கள். கிழங்கு வகை ஐரிஸ்களை உலகம் முழுவதற்கும் பதியும் பொறுப்பு, 1920இல் தொடங்கிய அமெரிக்க ஐரிஸ் சங்கத்திடம் இருக்கிறது. நிபுணராக இருக்க வேண்டியதில்லை. செடி பூத்திருக்க வேண்டும், தாய் தந்தை பெயர், உயரம், பூக்கும் காலம், நிற விவரம் எழுதிக் கொடுத்து ஒரு சிறு கட்டணம் கட்ட வேண்டும். பெயர் வேறெந்த ஐரிஸுக்கும் முன்பு வைக்காததாய் இருக்க வேண்டும். தமிழ்ப் பெயரையும் ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுக்கலாம். உயிரோடிருப்பவர் ஒருவரின் பெயரை வைப்பதானால் அவருடைய சம்மதத்தை எழுத்தில் வாங்க வேண்டும். அது உங்கள் அம்மாவே ஆனாலும் சரி.